பதினோராவது மாதத்துப் பால்

அடையாறில், வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி தரும் ஒரு சென்டரில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பாட்ச்சிலும் மூன்றாவது நாளோ நாலாவது நாளோ அந்த இரண்டு வார்த்தைகள் வந்துவிடும். லிவ், ஸ்டே. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர் “வேர் டூ யூ லிவ்?” என்பார். நம் பிள்ளைகள் “ஐ ஆம் ஸ்டேயிங் இன் சிந்தாதிரிப்பேட்டை சின்ஸ் பர்த்” என்பார்கள். பிறந்ததிலிருந்து ஒரே தெருவில் இருக்கிறவன் ஸ்டே பண்ணவில்லையப்பா, லிவ் பண்ணுகிறான் என்று நான் திருத்த வேண்டும். ஹோட்டலில் ஸ்டே. அத்தை வீட்டில் நாலு நாள் ஸ்டே. சொந்தமோ வாடகையோ, உன் துணி காய்கிற இடம், ஜுரம் வந்தால் நீ போய்ப் படுக்கிற இடம், அது லிவ். பத்து நிமிஷப் பாடம்தான். அந்தப் பத்து நிமிஷமும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

காரணம் ஒரு ஆள். எங்கள் பழைய வீட்டுக்காரர். பெயரைச் சொல்லப்போவதில்லை. செத்துப்போனவர் மேல் மரியாதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயரை என் வாயால் சொல்லப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் அவரை சார் என்றோம். நானும் இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன். கருமம், பழகிவிட்டது.

மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு சந்தில் அந்த வீடு. முன்பக்கம் அவர். பின்பக்கம் நானும் அம்மாவும். மாடியில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணன், குடும்பத்தோடு. அப்பா எனக்கு ஏழு வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவுக்கு ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல் வேலை. அந்த வீட்டுக்கு நாங்கள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது.

வந்த புதிதில் ஒருநாள் வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி ஐந்து வரி. மூன்றாவது வரியில் ‘ஐ லிவ் இன் மைலாப்பூர்’ என்று எழுதியிருந்தேன். சார் தலைக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, குனிந்து, என் நோட்டில் அந்த ‘லிவ்’வை அடித்துவிட்டு மேலே ‘ஸ்டே’ என்று எழுதினார். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

“வாடகைக்கு இருக்கறவங்க ஸ்டேதான் பண்ணுவாங்க மா. ஓனர்தான் லிவ் பண்ணுவார். நாங்க நாலு தலைமுறையா இங்க லிவ் பண்றோம். கத்துக்கோ.”

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்த ஸ்டேயை அடித்துவிட்டுத் திரும்பவும் லிவ் என்று எழுதினார். எனக்கு அரை மார்க் போனது. சாரிடம் போய்ச் சொன்னேன். உங்க டீச்சர் சொந்த வீட்டில் இருக்கிறார் போல, அவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது என்றார். ஏதோ ஒரு ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். தன் ஆங்கிலத்தைப் பற்றி அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

பார்த்தால் யாருக்கும் அருவருப்பு வராது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றிவரை பவுடர், குரல் அப்படியொரு இதம். ஒருநாளும் சத்தம் போட்டவரில்லை. அவரும் எங்களை மாதிரி கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வாசகம் அவர்தான் வாசிப்பார். தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரம் வந்தால் அம்மாவின் கையை விரல் நுனியால் தொடுவார். தொட்டதும் அந்தக் கை கைக்குட்டைக்குப் போகும். நான் பின் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு வாரமும் தப்பியதில்லை.

கிட்டே இருந்தால்தான் தெரியும். கேட் சாவியால் காது குடைவார். குடைந்ததை முகர்ந்து பார்ப்பார். அதே சாவியை “லேட்டா வந்தா நீயே தெறந்துக்கோ மா” என்று என் கையில் கொடுப்பார். மாதம் ஒருமுறை எங்கள் சுவரில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வருவார். குழந்தையேசு படம் மாட்ட அம்மா ஒரு ஆணி கூடுதலாக அடித்ததற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்டே பண்ணுகிறவர்கள் படத்தைச் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்.

ஆனால் அவரை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் பதினோராவது மாதம் வர வேண்டும்.

சென்னையில் வாடகைக்கு இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அக்ரிமென்ட் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் பழைய தாளில் தேதியை மாற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். சார் அப்படி விட மாட்டார். பதினோரு மாதம் முடிகிற அன்று காலையில் எங்கள் கேஸ் அடுப்பைக் கழற்றி வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இடம். அரை மணி நேரம் அது அங்கே இருக்க வேண்டும். அடுப்பு வெளியே வந்துவிட்டால் குடித்தனம் முறிந்துவிட்டது என்று அர்த்தமாம். எந்தக் கோர்ட் வழக்கில் படித்தாரோ, அவராகவே யோசித்தாரோ. முதலில் டைரியில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார், பின்னால் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

“கன்டின்யூட்டி இருக்கக் கூடாது மா. நாளைக்கே யாராவது கேட்டா நீங்க இங்க லிவ் பண்ணதா ஆயிடும். இப்ப நீங்க வெளிய போயிட்டீங்க. இனி புதுசா வர்றீங்க.”

அம்மா இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆளில்லை. சிரிப்பாள். “போடி, அரை மணி நேர நாடகம். அவருக்கும் பொழுது போக வேணாமா” என்பாள். வெளியே வைத்த அடுப்பை அந்த அரை மணி நேரத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவாள். கையெழுத்தானதும் உள்ளே தூக்கி வந்து மாட்டி, முதல் வேலையாகப் பால் காய்ச்சுவாள். “புதுசா குடி வர்றோம்ல சார், பால் காய்ச்ச வேணாமா?” என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்பாள். அவருக்கு அந்தக் கிண்டல் புரிந்ததேயில்லை. நிலைப்படியில் நின்றபடி டம்ளரை வாங்கிக்கொள்வார். ஊதி ஊதிக் குடிப்பார். மேலே படிந்த ஆடை அவருக்குப் பிடிக்காது. ஆள்காட்டி விரலால் அதை வழித்து எடுத்து, எங்கள் நிலைக்காலில் தடவுவார். ஒரு ஆணி அடிக்க விடாத மனுஷர், தன் எச்சில் பட்ட ஆடையை அதே வாசலில் தடவிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் அம்மா ஈரத்துணியால் துடைப்பாள். பதினான்கு தடவை துடைத்திருக்கிறாள். துடைக்கும்போதும் சிரிப்பாள். எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வரும்.

எனக்கு இருபத்திரண்டு வயதாகி, தி. நகரில் முதல் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் அம்மா படுத்துவிட்டாள். கல்லீரல். ஆஸ்பத்திரியில் பார்க்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த அன்றே என்னைக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“என்னை இங்கேருந்துதான் எடுக்கணும், கேட்டியா. வாசல்ல கொஞ்ச நேரம் வெச்சு, நம்ம தெரு ஜனங்க எல்லாம் பாத்துட்டு அப்புறம் கோயிலுக்கு எடுத்துட்டுப் போகட்டும். ஹாஸ்டல் பிள்ளைங்க வருவாங்க. ஒரு டீ போட்டுக் குடு. வெறும் வாயோட அனுப்பிடாத.”

அம்மா என்னிடம் தனக்காகக் கேட்டது அது ஒன்றுதான். சரிம்மா என்றேன்.

அந்த வாரமே சார் ஜெபக்கூட்டத்து ஆட்களோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஜெபமாலை சொன்னார். அந்தக் குரலில் ஐம்பத்து மூன்று அருள்நிறை மரியே. அம்மா அழுதாள். எனக்குக்கூடக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. முடிந்ததும் மற்றவர்கள் போகட்டும் என்று நடையில் காத்திருந்து என்னைக் கூப்பிட்டார்.

“டாக்டர் எவ்ளோ நாள் சொல்லியிருக்கார் மா?”

“ரெண்டு வாரம் சார்.”

ஜெபமாலை இன்னும் கையில் இருந்தது. அதே கைவிரலில் நாளை எண்ணினார். “வெள்ளிக்கிழமை அக்ரிமென்ட் முடியுதே” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஸ்டே பண்றவங்க போர்ஷன்ல சாவு விழுந்தா அப்புறம் ஆளே வர மாட்டாங்க. உனக்குத் தெரியாததில்ல. லிவ் பண்றவங்க வேற. எங்க அப்பா முன்பக்க ஹால்லதான் போனார். ஆஸ்பத்திரில கொஞ்சம் எடம் கேட்டுப் பாரேன்” என்றார்.

பின்னால் அவரும் அதே ஹாலில்தான் போனார். மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறவரைக்கும் மூன்று நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்களாம், தெரு முனையில் அவர் படம் போட்டுப் பெரிய பேனர் கட்டினார்களாம். மாடி அண்ணன் போனில் சொன்னார். நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் நானே அடுப்பைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். சார் போட்டோ எடுத்துக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரம் ஆனது. அக்ரிமென்ட் வரவில்லை. போய்க் கேட்டேன்.

“அம்மாவுக்கு ஒரு முடிவு தெரியட்டும் மா. அப்புறம் போட்டுக்கலாம். அதுவரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்.”

ஆறு நாள் அடுப்பு படிக்குக் கீழே கிடந்தது. மாடியிலிருந்து அண்ணி கஞ்சி கொடுத்தனுப்பினாள். “ஏன்டி, அடுப்பு சத்தமே காணோம்?” என்று அம்மா கேட்டாள். கேஸ் தீர்ந்துவிட்டது, புக் பண்ணியிருக்கிறேன் என்றேன். சிலிண்டர் அவள் தலைமாட்டுக்கு நேரே நிறைந்து நின்றது.

மாடி அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. “இன்னா கண்ணு, ஆறு நாளா அடுப்பு வெளிய கீது? நான் தூக்கியாந்து உள்ள வெக்கறேன். இன்னா பண்ணிடுவான் அந்தாளு?” என்றார்.

“வேணாம்ணா. பிரச்சினை ஆயிடும்.”

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அம்மா போனாள். தெருவில் காய்கறி வண்டிக்காரம்மா முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். பெரிய மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. கண்ணை மூடிவிட்டேன். அப்புறம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். ஃபாதருக்குப் போன் செய்திருக்க வேண்டும். தெருவில் இறங்கி வாய்விட்டு அழுதிருந்தால்கூடப் போதும், நாலு பேர் கூடியிருப்பார்கள். நான் நேராக முன்பக்கம் போய் சாரிடம் சொன்னேன். பதின்மூன்று வருஷப் பழக்கம். குழாய் சொட்டினால் முதலில் சாரிடம் சொல்ல வேண்டும். பல்பு ஃப்யூஸ் போனால் சாரிடம் சொல்ல வேண்டும். அம்மா செத்ததையும் முதலில் சாரிடம் சொன்னேன்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். “வேற யாருக்கும் சொல்லலையே?” என்றார்.

“இல்ல சார்.”

“நல்லது. உக்காரு.” ஆம்புலன்ஸ் நம்பர் ஏற்கெனவே ஒரு சீட்டில் எழுதி டெலிபோனுக்கு அடியில் வைத்திருந்தார். “ஆஸ்பத்திரில போனதா இருக்கட்டும் மா. மூக்குல ஆக்ஸிஜன் மாஸ்க் வெச்சு எடுத்துட்டுப் போயிடலாம். அங்கேருந்து நேரா கோயில் மண்டபம். ஃபாதர்கிட்ட நான் பேசறேன். நீ தனிப் பொண்ணு. அம்மாவும் இல்ல. இந்த வீட்டை விட்டா மயிலாப்பூர்ல உனக்கு யாரு வீடு தருவாங்க, சொல்லு. நான் தர்றேன். சாயங்காலமே அடுப்பை உள்ள வெச்சுக்கலாம்.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு யாரும் வீடு தர மாட்டார்கள். நான் தலையாட்டினேன்.

அவரைத் திட்டுவது சுலபம். ஆம்புலன்ஸில் வந்த மாஸ்க்கை அம்மா முகத்தில் மாட்டியது என் கை. எலாஸ்டிக் முடியில் சிக்கிக்கொண்டது. வலிக்குமோ என்று மெதுவாக எடுத்துவிட்டேன். ஆம்புலன்ஸ்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு இது முதல் தடவை இல்லை போல. போர்வையைக் கழுத்து வரைக்கும் மட்டும் இழுத்துவிட்டு, முகம் தெரிகிற மாதிரி வைத்தார். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடிக்க மாடி அண்ணன் இறங்கி வந்தார். கேட்டைத் தாண்டும்போது காய்கறி வண்டிக்காரம்மா, “அம்மாவுக்கு எப்டி கீது?” என்று கேட்டாள். சார்தான் பதில் சொன்னார்.

“கொஞ்சம் சீரியஸ் மா. பிரேயர் பண்ணிக்கோங்க.”

அவள் தராசை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அண்ணன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். மாஸ்க்குக்குள் ஆவி படிந்தால் மங்கும் இல்லையா? அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாசலில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பழைய ஃபைலைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். வரும்போதே உயிரில்லை என்று. மண்டபத்தில் ஹாஸ்டல் பிள்ளைகள் வரிசையாக வந்து அம்மாவின் காலைத் தொட்டு, கையை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போனார்கள். டீ இல்லை. யாருக்கும் இல்லை. சாயங்காலமே அடக்கம். குழிக்குப் பக்கத்தில் நின்று ஜெபத்தை முன்னெடுத்துச் சொன்னவர் சார்தான், அதே இதமான குரலில். மண் போட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்தார். தலையில் விரல் நுனியை வைத்தார்.

“அழக் கூடாது மா. மனுஷன் யாருமே இந்த உலகத்துல லிவ் பண்றதில்ல. நம்ம எல்லாருமே ஸ்டேதான் பண்றோம்.”

சொல்லிவிட்டு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். கல்லறைச் சுவர் ஓரம் போய் வாந்தி எடுத்தேன். பாவம், மூணு நாளா பச்சைத் தண்ணி குடிக்கலை போல என்று யாரோ முதுகைத் தடவினார்கள். அந்த ஆள்கூடத் தண்ணீர் பாட்டில் வாங்கி அனுப்பினார்.

ஸ்டே என்று சொல்ல வேண்டுமானால் திரும்பிப் போக வேறொரு இடம் இருக்க வேண்டும். இதை இப்போது நான் பாடமாகவே சொல்லித் தருகிறேன். ஹோட்டலில் ஸ்டே பண்ணுகிறவனுக்கு ஊரில் வீடு இருக்கும். எங்களுக்கு அந்தப் பின்போர்ஷனை விட்டால் எந்த ஊரில் என்ன இருந்தது? பதின்மூன்று வருஷம் அம்மா அங்கேதான் லிவ் பண்ணினாள். என் நோட்டில் டீச்சர் சரியாகத்தான் எழுதியிருந்தார். இதை அன்றைக்கு அந்தக் குழி ஓரத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாடி அண்ணன் ஆட்டோவில் என்னைக் கூட்டி வந்தார். சந்து திரும்பும்போது, “ஒரு பத்து நிமிசம் வாசல்ல வெச்சிருக்கலாம் கண்ணு. நான் இருந்தேன்ல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு நான் அந்த வீட்டில் இருந்த பதினோரு மாதமும் அவர் அதைப் பற்றி எடுக்கவேயில்லை.

வீட்டுக்குள் போனால் அடுப்பு உள்ளே இருந்தது. சார் ஆளை வைத்துத் தூக்கி மாட்டியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷர். அடுப்பு மேல் புது அக்ரிமென்ட். என் பெயர் மட்டும் இருந்தது, அம்மாவின் பெயர் இல்லை. சரி, எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தேதியைப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமைத் தேதி. அம்மா அடுப்பு சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உயிரோடு படுத்திருந்த நாள். அன்றைக்கே அடித்துத் தயாராக வைத்திருந்திருக்கிறார்.

கையெழுத்துப் போட்டேன். பின்னாலேயே வந்த சார் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. நிலைப்படியில் அப்படியே நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் மாடியில் போய் அண்ணியிடம் ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்தேன். அம்மா வைக்கிற அதே பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சினேன். பொங்கி வந்ததும் டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன். ஊதி ஊதிக் குடித்தார்.

“அம்மா கைப்பக்குவம் அப்படியே வந்துடுச்சு மா உனக்கு” என்றார்.

“தேங்க்யூ சார்” என்றேன்.

ஆள்காட்டி விரலால் ஆடையை வழித்து எடுத்து நிலைக்காலில் தடவிவிட்டுப் போனார். அவர் தலை மறைகிறவரைக்கும் நின்றேன். பிறகு அம்மா வைத்துவிட்டுப் போன துணியைத் தேடி எடுத்து நனைத்துத் துடைத்தேன்.